தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு கை

என் வீட்டுக்காரர் ஈயமான பிறகு அணு உலையில்தான் இருக்கிறார். உருகிய ஈயம். உலைக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார். அவரோடு ஊர்ப்பட்ட வீட்டுக்காரர்களும் ஓடி வருவார்கள்.

மனைவிமார் நாங்கள் தண்ணீராகித் தண்ணீர்ப் பக்கம். எதிர்த்திசையில் நடக்க வேண்டும். நடுவே மெல்லிய இரும்புச் சுவர். சூடு மட்டும் தாண்டலாம். ஆள் தாண்டக் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். ஓடுகிறவர்களில் எது அவர் என்று மட்டும் தெரியவில்லை.

முதல் நடையில் சுவரில் வாயை வைத்து, "என்னங்க" என்றேன்.

"என்னட்டி?" என்றது சுவர் நெடுக. அத்தனை பேருக்கும் ஒரே குரல்.

மேற்பார்வை பார்க்கும் ஜெபகனி பின்னாலேயே வந்தாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."

"அவுக பேரையா?"

"பின்ன எம்பேரையா?"

"நான் சொன்னதே இல்லையே."

"அப்பம் பொதுவாக் கூப்பிட்டுக்கிட்டே நடங்க. நிக்காதிய. நின்னா ஆவியாயிருவிய."

எனக்கு முன்னால் போன இசக்கியம்மாள் நின்றாள். ஆவியாகி மேலே போனாள். கரண்டு எடுக்கும் பெரிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் சாயங்காலம் தண்ணீராக இறங்கி வந்து வரிசையில் சேர்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்துட்டேன். எம்புருசனைத்தான் பாக்கலை" என்றாள்.

என் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கல்யாணத்தன்று அதைப் பிடித்தவர், "தவளையைப் பிடிச்சாப்புல இருக்கு" என்றார். ஈயமாகும் வரை அதையே சொன்னார். கை பட்டால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் உள்ளே விடுவதற்கு முன் எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் காய்ச்சுவார்கள். காது மடல் வரை சுட்ட பிறகுதான் கதவு திறக்கும்.

"கையை மட்டும் விட்டுரு, ஜெபகனி."

"குளிர்ந்த தண்ணி எதுக்க வந்தா ஈயம் உறைஞ்சிரும்மா."

"உறைஞ்சா?"

"ஓட மாட்டாரு. பின்னால வாரவுகளும் நின்னுருவாக. உலைக்குள்ள சூடு தேங்கிரும். வேணுமா?"

"வேண்டாம்."

மறுநாள் இடது கையை இறுக்க மூடிக்கொண்டு காய்ந்தேன். உள்ளங்கையில் ஒரு கரண்டி குளிர் மிஞ்சியது.

"கையில என்ன?" என்றாள் ஜெபகனி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இந்தப் பிடி பிடிச்சிருக்கிய?"

"வயசாயிட்டுல்லா."

கதவைத் திறந்தாள்.

கையை விரித்துச் சுவரில் வைத்தபடி நடந்தேன். நடக்க நடக்கச் சுவர் நீண்டது.

"யாரும்மா அது?" என்றார் ஒருவர்.

"மன்னிச்சுக்கிடுங்க. ஆள் மாறிட்டு."

"சும்மா வையும்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் அடுத்தவர். நான் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தேன்.

ஒவ்வொருவர் கடக்கும்போதும் குளிர் குறைந்தது. விரல்கள் சுட்டன. உள்ளங்கையின் ஓரம் சுட்டது. நடுவில் ஒரு பொட்டு அளவு மிச்சம். இனி ஒரே ஓர் ஆளுக்குத்தான் வரும்.

கையை வைத்தேன்.

"ஏட்டி" என்றது குரல். "இன்னும் தவளை மாதிரிதான் இருக்கு."

நான் நின்றுவிட்டேன்.

"நீங்களா?"

"கையை எடு. நான் உறைஞ்சிருவேன்."

"எடுக்கட்டுமா?"

பின்னால் வருகிறவர்கள், "வழியை விடுவே" என்று சத்தம் போட்டார்கள்.

"எடுக்காத" என்றார் அவர்.

அந்தப் பக்கம் 'டக்' என்றது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றி ஓடினார்கள்.

ஜெபகனி வந்து சுத்தியலால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்த இடத்துல ஒரு பொட்டு உறைஞ்சிருக்கே."

"உருக்கிருவாகளா?"

"இவ்வளவுதானே, கெடக்கட்டும். ஆனா இந்த இடத்துல இனிமே சூடு சரியா வராது."

"வேண்டாம். எனக்குச் சூடு எதுக்கு?"

அதற்குள் நான் கால் வரை ஆவியாகியிருந்தேன். மேலே இசக்கியம்மாள் போய்க்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியாக்கும்?"

"பாத்துட்டேன்."

"என்ன சொன்னாக?"

"கையை எடுக்காதன்னாக."

"எடுத்துட்டியா?"

குனிந்து பார்த்தேன். வலது கை ஆவியாக இருந்தது. இடது கையைக் காணவில்லை.

"இல்லக்கா" என்றேன். "அங்கதான் இருக்கு."