ஒற்றைக் கொடுக்கு நண்டு

வைஷ்ணவி தைத்த துணியிலிருந்து முதன்முதலாக இறால் விழுந்தது மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். அரைக் கூடை இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் குப்பத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "எந்தப் பாட்டுல வுழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊர் முறைவைத்துக் கொடுப்பதுதான் பாடு. அது ஆண்களுக்கு மட்டும். வைஷ்ணவியின் அப்பா சிங்காரம் இறந்ததும், மகன் இல்லை என்று அந்த வீட்டின் பாட்டை எடுத்துவிட்டார்கள். அது அவளுக்கு ஆறவே இல்லை. அப்பாவின் ஃபைபர் படகைக் கவிழ்த்து, செங்கல் கொடுத்து உயர்த்தி, அதனடியில் உட்கார்ந்து தைத்தாள். உள்ளே வெளிச்சம் பச்சையாக இறங்கும். கிழிந்த வலைகளைப் பிரித்த நூலால் ஏரி முழுவதையும், ஒவ்வொரு பாடாக, வேட்டித் துணியில் கொண்டுவந்தாள். மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒற்றைக் கொடுக்கு நண்டு. சிங்காரம் தன் வலை மிதவைகளில் வரைந்த அடையாளம் அது. இரண்டாவது கொடுக்கு வரைவதற்குள் மனிதருக்குப் பொறுமை போய்விடும். சென்னையில் கண்காட்சிக்கு அவள் துணியொன்றை எடுத்துப்போனவர்கள், 'பாடு' என்ற தலைப்பைப் பார்த்து அழைப்பிதழில் வீணைப் படம் போட்டார்கள்.

துணியில் இறால் விழுந்த இடம் அன்று ரங்கனின் பாடு. அவர் கூடையோடு வந்து அள்ளிப்போனார். அடுத்தடுத்த நாட்களில் முறைக்கு உரியவர்கள் வந்தார்கள். வைஷ்ணவி ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள்.

"துணிக்கே பாடு உண்டுன்னா, எனக்கு எங்க பாடு?"

"ஏரில கீற எடம் அவ்ளோதாம்மா. புதுசுக்கு நான் எங்க போவ?" என்றார் தலைவர் உதயகுமார்.

அவள் வீடு திரும்பி, துணியின் மேற்கு ஓரத்தில் மணல்திட்டு இருந்த தையலைப் பிரித்துவிட்டு நீல நூலைக் கோத்தாள். வெயில் காலம் முழுக்க அந்த வேலைதான். முடித்த மறுநாள் ஏரியில் அந்தத் திட்டைக் காணோம். கழி போட்டுப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர். ரங்கன் முந்திக்கொண்டு வலை கட்டினார். நண்டாக வந்தது, அத்தனையும் ஒற்றைக் கொடுக்கு. ஒடிந்ததல்ல, பிறவியே அப்படி. அவர் கூடையைக் கொண்டுவந்து படகடியில் குனிந்து வைத்தார்.

"உங்க நைனா நண்டு இது. நான் துன்னா செரிக்காது."

அடுத்த முறை பாடு போட்டபோது, உதயகுமார் எல்லாப் பெயர்களையும் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "துணிப்பாடு. சிங்காரம் பொண்ணு வைஷ்ணவி." யாரும் மறுக்கவில்லை; டீ வந்தது, குடித்தார்கள். வைஷ்ணவிக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் படகை நிமிர்த்த ஆள் கூப்பிட்டாள். இனி எங்கே உட்கார்ந்து தைப்பாய் என்று ரங்கன் கேட்டார்.

"இதுலயேதான்," என்றாள். "தண்ணில."