பதினொரு மணிக்கு இருபது நிமிடம்

பள்ளிப் பேருந்துகளின் இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது டெல்மர் ஸ்டில்ட்னருக்குப் பிழைப்பு. கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றுவது பைத்தியம். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலை இடுக்கில் அவன் கை படாத கம்ப்யூட்டர் குறைவு. யாரும் கேட்காவிட்டாலும் ஏற்றிவிடுவான். வெர்னா ராட்லிஃப் கேட்கவே இல்லை. போன கோடையில் அவளுடைய பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தவன், "இதுக்கு இனிமே சாவே இல்லக்கா" என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டு ஃபோன் அடித்தது.

"டெல்மர், நேத்து வந்து என்னப்பா பண்ணிட்டுப் போன? நெட்டையே காணோம்" என்றாள் வெர்னா.

நேற்று அவன் பண்ணியது, அவன் கணக்கில் ஒரு நல்ல காரியம். கொஞ்சம் மான்கறி கொடுக்கப் போனவன், வந்ததுக்கு ஒரு அப்டேட் போட்டான். இடத்தை அடைக்கிறதே என்று பழைய பதிப்பையும் துடைத்து அழித்தான். அப்டேட் போடாத கம்ப்யூட்டரைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். புதிய பதிப்புக்கும், வைஃபையைப் பிடிக்க அவள் கம்ப்யூட்டரில் செருகியிருந்த குச்சிக்கும் ஒத்துக்கொள்ளாது என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"பதினொரு மணிக்கு டஸ்டினைப் பாக்கணும்ப்பா."

டஸ்டின் அவளுடைய ஒரே பிள்ளை. மாநிலத்தின் மறுகோடியில் சிறையில் இருந்தான். போன வாரம் உள்ளே யாரோ அவனை அடித்துப் போட்டுவிட்டதாக அவள் காதுக்கு வந்திருந்தது. ஃபோனில் கேட்டால், "வழுக்கி விழுந்தேம்மா, ஒண்ணுமில்ல" என்றான். வெர்னாவுக்குக் குரல் போதவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடியோ சந்திப்புக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் முப்பது நாளைக்கு மறுபடி பதிய முடியாது.

"நான் வேணா உன் வீட்டுக்கே வந்துடட்டுமா? இப்பக் கிளம்பினா பத்து மணிக்குள்ள வந்துடுவேன்."

"நீ எதுக்குக்கா மலைப்பாதையில அலையற? அஞ்சு நிமிஷ வேலை. நான் வரேன்."

அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் டெல்மர் தன் வண்டியையே எழுதிக் கொடுத்திருப்பான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. வெர்னா சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கமிருக்கும் சர்ச்சின் வைஃபைதான் அவளுக்கு நெட். கம்ப்யூட்டரைச் சர்ச்சுக்கே தூக்கிப்போய்க் கேபிளை நேரே செருகலாம் என்றால், பாஸ்டர் சர்ச்சைப் பூட்டிக்கொண்டு வெளியூர் சாவுக்குப் போயிருந்தார். அந்தப் பள்ளத்தில் செல்ஃபோனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட வராது.

டெல்மர் அதற்கெல்லாம் அசரவில்லை. வீட்டிலிருந்து புதுக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். லினக்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இணையத்தில் நூறு பேர் சத்தியம் செய்திருந்த மாடல். செருகினான். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அட்டைப்பெட்டியைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். மூலையில் எறும்பளவு எழுத்தில் நான்காம் பதிப்பு என்று போட்டிருந்தது. பெயரையும் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் சிப்பை மட்டும் மாற்றிவிட்டிருந்தார்கள், புண்ணியவான்கள்.

"என்ன ஆச்சு?"

"இதுக்குன்னு டிரைவர்னு ஒரு தனி சாஃப்ட்வேர் இறக்கணும்க்கா."

"இறக்கு."

"இறக்கறதுக்கு நெட் வேணும்."

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவிய வண்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வந்து நிக்கற. உன்னைப் போய் நம்பினேன் பாரு."

பத்தேகாலுக்கு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாப்பா, உன் வீட்டுக்கே போயிடலாம். இன்னும் நேரமிருக்கு."

"ஒரு நிமிஷம்க்கா. இதோ, ஒரே ஒரு வழி பாக்கியிருக்கு."

அந்த வழி முடிந்ததும் இன்னொரு வழி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்று. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டே இருந்தான். அது ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக 'முடியாது' என்றது. நிமிர்ந்து பார்த்தபோது மணி பத்து ஐம்பது. அவன் வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பாதை. இனிக் கிளம்பிப் பயனில்லை. வெர்னாவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மணி பதினொன்று அடித்தது.

"இப்ப வந்து உக்காந்திருப்பான்" என்றாள் வெர்னா.

டெல்மர் குச்சியைப் பிடுங்கி மறுபடி செருகினான்.

"அம்மா வரலன்னு நினைப்பான். அடிபட்ட மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னு நினைச்சுக்குவான். அவன் அப்படித்தான் நினைப்பான், எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"நீ வேலையப் பாரு."

பார்க்க என்ன வேலை இருந்தது? முன்பே மூன்று முறை தட்டியதையே நான்காம் முறை தட்டினான். பத்து நிமிடம் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. போன கோடையில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் அவன் வண்டியிலேயே கிடந்தது. அதில் இருப்பது பழைய பதிப்பு. அதைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினால் பழைய குச்சி தானாக வேலை செய்யும். காலையிலிருந்து அது வாசலில் நின்ற வண்டியில்தான் இருந்திருக்கிறது. ஓடினான். வண்டியைக் குடைந்து எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

அந்தக் கிழட்டு இயந்திரம் இருமி இருமிக் கண் விழித்தது. பாஸ்வேர்டைத் தட்டினான். வைஃபையின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்றன.

"வந்துடுச்சுக்கா! வந்துடுச்சு!"

கத்திவிட்டுத்தான் மூலையில் மணியைப் பார்த்தான். பதினொன்று இருபத்து மூன்று. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெர்னா அவனை நகரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, சிறையின் பக்கத்தைத் திறந்தாள். 'பார்வையாளர் வரவில்லை. சந்திப்பு முடிந்தது' என்று இருந்தது. அதற்குக் கீழே, கைதி வந்து உட்கார்ந்ததற்கு அத்தாட்சியாக, பதினொரு மணிக்கு அங்கிருந்த கேமரா எடுத்த சின்னப் படம்.

இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. உதட்டில் தையல். ஆனால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையை நனைத்து வகிடெடுத்து வாரியிருந்தான். நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயன்றிருந்தான்.

"தலை வாரியிருக்கான்" என்றாள் வெர்னா.

டெல்மர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். வெர்னா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதை அணைச்சா இந்தப் படம் மறுபடி வருமா?"

கம்ப்யூட்டர் விஷயத்தில் யார் எதைக் கேட்டாலும் டெல்மரிடம் ஒரு பதில் இருக்கும்.

"தெரியலக்கா."

"அப்ப அணைக்காதே" என்றாள் அவள். "நீ கிளம்பு."