பணம் கொடுத்த பதினேழு நாட்கள்

பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் ஜஹபர் நிஷா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை மூடி, அதன்மேல் பழைய துண்டு ஒன்றை நாலாய் மடித்துப் போட்டாள்.

"மீதி அந்தச் சூட்டுலயே வெந்துடும். தொறந்து தொறந்து பாக்காதீங்க," என்று கூடத்தில் இருந்த கணவர் மஜீதிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தலை சாய்க்கப் போனாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் எழுப்பப் போனார். அவள் எழவில்லை. பருப்பு மட்டும் அவள் சொன்னபடியே பதமாக வெந்திருந்தது. அதை யாரும் சாப்பிடவில்லை.

சென்னையிலிருந்து மகள் ரூமானா வந்து பத்து நாள் இருந்தாள். பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டு அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, நீங்களும் கெளம்புங்க. வீட்ட காலி பண்ணிடலாம். பல்லாவரத்துல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"இங்க எனக்கு இன்னா கொற?"

"அம்மா இல்லாம உங்களுக்கு ஒரு டீ போடத் தெரியுமா? மாசம் கையில வர்றது பதினோராயிரம். அதுல வாடகையே நாலாயிரம். அம்மா எப்படி ஓட்டுனாங்கன்னு எனக்கே தெரியல."

மஜீத் முப்பத்தோரு வருடம் ஒரு இரும்புக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர். ஆணி எடைக்கும் அரைக்கால் ரூபாய்க்கும் பதில் சொன்ன மனுஷன். மகள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"ஒரு மாசம் குடு. யார்கிட்டயும் கைநீட்டாம ஓட்டிக் காட்டுறேன். முடியலன்னா நானே பொட்டிய தூக்கிட்டு வந்துடுறேன்."

ரூமானா அவரையே பார்த்தாள். "சரி. முப்பதாந்தேதி வருவேன். கடன் வாங்கியிருந்தீங்கன்னா அன்னைக்கே வண்டி புடிச்சுடுவேன்."

அன்று செப்டம்பர் ஒன்றாம் தேதி. மகள் போன பிறகு வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆயிற்று. முத்தியால்பேட்டைத் தெருவின் சத்தமெல்லாம் தூரத்தில் எங்கோ மிதந்து வந்தது. மஜீத் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். வேலையை விட்ட இந்த ஒரு வருடமாக அந்த நாற்காலியில் அரைத்தூக்கத்தில் கிடந்தபடியேதான் அவர் தன் வீட்டைக் கேட்டிருக்கிறார். ஆம், கேட்டிருக்கிறார், பார்த்ததில்லை. விடியற்காலை ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடும் ஓசை. மதியம் வாசலில் ஏதோ சக்கரம் வந்து நிற்கும் கரகரப்பு. மூன்று மணிக்குத் தையல் மிஷின் ஓடும் சத்தம். தூரத்து மழைபோல அது தூக்கத்துக்குள் இறங்கும். அந்த மழைக்குள்ளேயே அவர் எங்கோ போய், மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்குக்குத் திரும்பி வருவார். அதற்குள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கும்.

ஒருமுறை நிஷாவிடமே கேட்டிருக்கிறார்: "ஊர்ப் பொடவைக்கெல்லாம் ஃபால்ஸ் தச்சுக் குடுக்குற. ஒரு ரூபா வாங்கி நான் பாக்கல. இன்னா, தர்ம ஆஸ்பத்திரி நடத்துறியா?"

"ஆமா, நீங்கதான் அதுக்குப் பெரிய டாக்டரு," என்று சிரித்து, நூலைப் பல்லால் கடித்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்லாப்பெட்டி மனுஷனிடம் சில விஷயங்களைச் சொன்னால் உடனே விலை போட்டுவிடுவான் என்று நினைத்தாளோ என்னவோ.

இரண்டாம் தேதி விடிகாலையில் கதவு தட்டப்பட்டது. பின்தெருவில் மாவு அரைத்து விற்கும் சின்னப்பாப்பா நின்றாள். இரண்டு பெரிய தூக்குகள் அவள் கையில். தனியாக ஒரு கிண்ணம் நிறைய இட்லி மாவு. கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

மஜீதுக்கு உள்ளம் நெகிழ்ந்தது. சாவு விழுந்த மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். அது அவருக்குத் தெரிந்த முறை. ஆனால் பத்து நாள் தாண்டியும் அதை வாங்கித் தின்றால் அதற்குப் பேர் வேறு.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இனாமா வேணாம்," என்று ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார்.

சின்னப்பாப்பா பணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தூக்கு உள்ள வைக்க வேணாமா, பாய்?"

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்," என்றார் அவர் பெருந்தன்மையாக. அவள் தூக்குகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மதியம் தள்ளுவண்டிக் காசிலிங்கம் இரண்டு கத்தரிக்காய், ஒரு முள்ளங்கி, வாடிய கீரைக்கட்டு ஒன்று என்று வாசல்படியில் வைத்தான். அதற்கும் பணம். காசிலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கினான். மறுநாளிலிருந்து வண்டியை அவர் வாசல் நிழலில் நிறுத்தாமல் பள்ளிக்கூடச் சுவரோரம் கொண்டுபோனான். சாயங்காலம் குருசுக்குப்பத்து மீன்காரி அஞ்சலாட்சி அன்னக்கூடையை இறக்கி ஏழெட்டுக் கானாங்கத்தை மீனை எடுத்துப் போட்டாள். "ஜிபே இருக்காம்மா?" என்று கேட்டுப் போனை நீட்டினார். அவள் முகம் கருத்துப்போயிற்று.

"இருக்கு பாய். இல்லாம இன்னா," என்று கழுத்தில் தொங்கிய க்யூ.ஆர். அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

இப்படி எல்லாருக்கும் கௌரவமாகப் பணம் கொடுத்தார் மஜீத். வாடகை போக ஏழாயிரம். அரிசி, எண்ணெய், மளிகை ஒன்றாம் தேதியே வாங்கியாயிற்று. கேஸ் சிலிண்டர் ஒன்று வந்தது. ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். கூட்டலில் தப்பே இல்லை. ஆனாலும் பணம் ஓட்டைக் குடத்துத் தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது. நிஷாவுக்கு மட்டும் இதே பணம் எப்படி முப்பது நாள் வந்தது? மதியங்களில் நாற்காலியில் கிடந்து யோசிப்பார். யோசனை கனவாகும். கனவில் அவள் சமையலறையில் நடமாடுவாள். முகம் தெரியாது, வளையல் மட்டும் கேட்கும். "எப்படி பண்ணுன, சொல்லேன்," என்பார். அவள் வாய் திறக்கும் நேரத்தில் தெருவில் யாராவது ஹாரன் அடிப்பார்கள்.

பதினேழாம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு ரூபாய் மிஞ்சியது. பதினெட்டாம் தேதி வெறும் சோற்றில் உப்புப் போட்டு மோர் ஊற்றிக்கொண்டார். மோரும் அன்றோடு சரி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார். இந்த ஊரைவிட்டு, அவள் நடந்த இந்தத் தரையைவிட்டுப் போவது என்பது இரண்டாம் தடவை அவளை அடக்கம் பண்ணுவதுபோல் இருந்தது. பெட்டியில் ஒரு சட்டையை மட்டும் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அஞ்சலாட்சியின் குரல் வாசலில் கேட்டது.

"பாய்! எம் பொடவ ரெண்டையும் எடுத்துக் குடுங்க. வேற எடத்துல குடுத்துத் தச்சுக்கறேன்."

"எந்தப் பொடவ?"

"பாயம்மாகிட்ட குடுத்தது. வர்ற வெள்ளிக்கிழம எம் பொண்ணு கவிநிலாவப் பாக்க வராங்க. அவ இன்னாத்தக் கட்டிக்கினு நிப்பா?"

மிஷின் பக்கத்து அலமாரியைத் திறந்தார். ஆறேழு புடவைகள், ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஒரு துண்டுக் காகிதம், நிஷாவின் எழுத்து. அஞ்சலாட்சியின் பெயருக்குக் கீழே 'நீலம், கத்தரிப்பூ. ரெண்டு வேளை' என்று இருந்தது.

"ரெண்டு வேளைன்னா இன்னாம்மா?"

"ரெண்டு வேளைக்கி மீனு. ஒரு பொடவைக்கி ஒரு வேளை மீனு. எட்டு வருஷமா நடக்குற கத, உங்களுக்குத் தெரியாதா?" அஞ்சலாட்சி படியில் உட்கார்ந்தே விட்டாள். "நீங்கதான் போன நீட்டி மூஞ்சில அடிச்ச மாதிரி காசு குடுத்தீங்களே. சரி, ஆளோட ஒறவு முடிஞ்சுது, பாய் தீத்துக்கினாருன்னு நெனச்சேன். சின்னப்பாப்பாவும் அதத்தான் சொன்னா."

"சின்னப்பாப்பாவா? அவளுக்கு இன்னா?"

"அவ மாவுத் தூக்கு உங்க ஃபிரிட்ஜிலதான தூங்கும். அதுக்குத்தான் கிண்ணம் மாவு. காசிலிங்கம் வண்டி நிக்க உங்க நெழலு, அதுக்குக் காயி. நல்லா கல்லாவுல உக்காந்தீங்க போ! வீடு எதுல ஓடுதுன்னு தெரியாமலே முப்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க."

மஜீத் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். விடியற்காலை ஃபிரிட்ஜ் கதவு. மதியத்துச் சக்கரம். மூன்று மணி மழை. அரைத்தூக்கத்தில் கேட்ட ஓசைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து அவரைப் பார்த்தன. வீட்டுச் செலவில் பாதி, பணத்தைத் தொடாமலே நடந்திருக்கிறது. தன்மானம் என்று நினைத்து அந்தப் பாதியை அவரே பதினேழு நாளில் இழுத்து மூடியிருக்கிறார்.

"நாளைக்கு இதே நேரம் வா," என்றார். "தச்சு வைக்கிறேன்."

"நீங்களா?" அஞ்சலாட்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "என் பொடவ, பாய். மீன் வலை இல்ல."

"ஃபால்ஸ்தான? நேர்க்கோடு. எனக்கு நேர்க்கோடு போட வரும்."

வரவில்லை. சக்கரம் பின்னால் சுழன்றது, நூல் அறுந்தது, ஊசி ஒருமுறை விரலைத் தொட்டுப் பார்த்தது. இரும்புக்கடைக் கைகளுக்கு நைலக்ஸ் துணி பிடிபடாமல் மீன்போல் வழுக்கியது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தார். மூன்றாம் தடவை காலும் கையும் எப்படியோ ஒரு தாளத்துக்கு வந்தன. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மிஷின் ஓடியது. அந்தச் சத்தத்தை இத்தனை காலம் அந்தப் பக்கம் படுத்துக் கேட்டவர், இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பக்கத்து நாற்காலியில் யாரோ கண்மூடிக் கிடப்பதுபோலவும், அவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலவும் மெதுவாக மிதித்தார்.

மறுநாள் அஞ்சலாட்சி புடவையின் அடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா பாய், கோடு அலை மேல போற கட்டுமரமாட்டம் போவுது?"

"பிரிச்சுடட்டுமா?"

"வேணாம் வேணாம். காலடியிலதான இருக்கப் போவுது. மாப்ள வீட்டுக்காரன் குனிஞ்சா பாக்கப் போறான்?" கூடைக்குள் கையைவிட்டுத் துழாவினாள். "பாயம்மா தையலுக்குக் கானாங்கத்த. வளஞ்ச தையலுக்குக் காரப்பொடி மீனுதான். எடுத்துக்குங்க."

காரப்பொடி முள்ளு முள்ளாக இருந்தது. அதைவிட ருசியாக எதையும் தின்றதாக மஜீதுக்கு ஞாபகம் இல்லை.

அன்றே காசிலிங்கத்தைத் தேடிப் பள்ளிக்கூடச் சுவருக்குப் போனார். அவன் பிரேக் கல்லை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். சின்னப்பாப்பா வீட்டில்தான் காரியம் நடக்கவில்லை. அவள் தவணையில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டிருந்தாள். அது கூடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"மாசம் ஆயிரத்து இருநூறு கட்டணும் பாய். ஒரு வார்த்த முன்னாடி கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது இன்னும் வலித்தது. நிஷா கட்டி வைத்ததில் ஒன்று அவர் கையாலேயே போய்விட்டது. அது திரும்பவில்லை.

முப்பதாம் தேதி சொன்னபடி ரூமானா வந்தாள். வந்ததும் சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவைத் திறந்தாள், ஃபிரிட்ஜைத் திறந்தாள். மூன்று கத்தரிக்காய், மூடிய மீன் குழம்பு.

"எவ்வளவு கடன்?"

"ஒண்ணும் இல்ல."

"என் மேல சத்தியமா?"

"சத்தியமா."

"பின்ன ஏன் அத்தா பாதியா எளச்சுட்டீங்க?"

பன்னிரண்டு ரூபாய் மிஞ்சிய கதையைச் சொன்னால் தோற்றதாகிவிடும், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கூடை இறங்கியது.

"யாரு, ரூமானாவா? உங்கத்தாவ மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போறியாமே? கூட்டிக்கினு போ. ஆனா எம் பொடவ ஒண்ணு, எங்க ஓரகத்தி பொடவ ரெண்டு நிக்குது. முடிச்சுக் குடுத்துட்டு எங்க வேணா போகட்டும்."

ரூமானா திரும்பினாள். மிஷின் மேல் அரைகுறையாய்த் தைத்த புடவை கிடந்தது. அதன் ஓரத்தைக் கையிலெடுத்து, வளைந்து வளைந்து போகும் தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். பாதியில் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாயிற்று. அம்மா இறந்த நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. மஜீத் எழுந்து போய் மகள் தலையில் கை வைத்தார். அஞ்சலாட்சி கூடையைத் தூக்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

ரூமானா மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் ஒரு மாசம் இருங்க. அப்புறம் பாக்கலாம். பதினேழு நாள்ல காலி பண்ணுனதையெல்லாம் எங்கிட்ட மறைக்காதீங்க, அத்தா. நோட்ட பாத்துட்டேன்."

ராத்திரி இருவரும் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

விடியுமுன்னே அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மஜீத் தெருமுனை வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தார். கிழக்கே கடல் பக்கம் வானம் பால் தெளித்ததுபோல் வெளுத்துக்கொண்டிருந்தது. வாசல் குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றார்.

ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. முத்தியால்பேட்டையில் அது எப்போதும் ஐந்தரைக்குத்தான் வரும். நிஷா இருந்தவரை அந்தச் சத்தத்தையும் அவர் அரைத்தூக்கத்தில்தான் கேட்டிருந்தார்.