வெள்ளரிக் கொடியில் கத்திரி இலை

எனக்கு ஒரே தம்பி. அவனுக்குப் பிறகு அம்மா பிள்ளையே பெறவில்லை. பார்த்த வரைக்கும் போதும் என்று நினைத்திருப்பாள். கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறான். பாதி வியாபாரம் வாயாலேயே நடந்துவிடும்.

எங்கள் பசுமைக்குடிலில் வெள்ளரிக்கு இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் வந்ததும் பெரிய மருந்து டப்பாவோடு வந்து நின்றான். நான் வேப்பெண்ணெயும் பூண்டுச் சாறும் சோப்புத் தண்ணீரில் கலந்து இலைக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் கொடியிலிருந்து பறித்து அப்படியே கடிக்கிறவள். அவன் மருந்து உள்ளே வந்தால் அது நின்றுபோகும்.

“என்னக்கா, பேனுக்குத் தாளிச்சுக் கொட்டறியா?” என்றான்.

என் வீட்டுக்காரருக்கு யார் மனமும் நோகக் கூடாது. வாசல் பக்கத்துப் பாதி அவனுக்கு, உள்பக்கத்துப் பாதி எனக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதக் கடைசியில் யார் பாதி பச்சையாக இருக்கிறதோ, குடில் முழுக்க அவர் மருந்துதான். அந்த நாளில் வந்து பார்க்கும்படி தம்பி தன் வாடிக்கையாளர்களிடமும் சொல்லிவிட்டான். கொழுப்பு.

ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் சட்டையில் பூண்டு நாற்றம்.

“என் பக்கம் போனியாடா?”

“நானா? அங்க எனக்கென்னக்கா வேலை?”

போய்ப் பார்த்தேன். என் வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே கத்திரி இலைகள் செருகிக் கிடந்தன. அடிப்பக்கம் முழுக்கப் பேன். எவர் தோட்டத்திலோ பறித்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து செருகியிருக்கிறான், படுபாவி. ஆனால் வாசல் அவன் பக்கம்தானே? அத்தனை பேனையும் தன் கொடிகளில் உரசி உதிர்த்துக்கொண்டுதானே கொண்டுவந்திருப்பான்! சிரிப்பு வந்துவிட்டது. கத்திரி இலைகளைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, என் கொடிகளை இலை இலையாகத் திருப்பி அடித்தேன்.

அவன் பாதியில் இலையெல்லாம் புள்ளி விழுந்து வெளுத்தது. மருந்தைக் கூட்டிக் கூட்டி அடித்தான். கத்திரித் தோட்டத்தில் அதையே வருஷக்கணக்காகக் குடித்து வளர்ந்த பேன், அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, வர்றவங்க இதைப் பார்த்தா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உன் சரக்கை என் பக்கமும் அடிச்சு விடேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

“அந்தக் கத்திரி இலை?”

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது. கூடப் பிறந்து தொலைத்துவிட்டானே. குடில் முழுக்க இனி என் கரைசல்தான் என்று வீட்டுக்காரர் முன்னால் அவனைச் சொல்லவைத்த பிறகுதான் தெளிப்பானைக் கையில் எடுத்தேன். வெளுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டோம். விடாமல் அடித்ததில் புதுத் தளிர் சுத்தமாக வந்தது.

சொன்ன நாளில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

“பூண்டு வாசனை அடிக்குதே?” என்றார் ஒருவர்.

“நம்ம கடையில புதுசா வந்திருக்கற மருந்துண்ணே.” அந்த வாய் சும்மா இருக்குமா?

“அப்ப எங்க எல்லாருக்கும் இதையே குடுத்துடு. நாளைக்கே வேணும்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு மூட்டைப் பூண்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“நகக்கண்ணெல்லாம் எரியுதுக்கா. நீயும் கொஞ்சம் உரிச்சுக் குடேன்.”

“உன் கடை மருந்துக்கு நான் எதுக்குடா உரிக்கணும்?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.