ஓலினாவைத் தேடி நான்கு குளியல்

காலை ஒன்பது மணிக்கு ஓலினாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கணவன் ஹ்யால்டி கையில் காபிக் கோப்பையோடு வந்து திறந்தான்.

"ஓலினா எங்க?"

"குளிக்கப் போயிருக்கா."

"நம்ம குளத்துல இல்லையே. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"நம்ம குளத்துக்கு இல்ல, மத்த ஊர்க் குளத்துக்கு. துண்டை எடுத்தா, காரை எடுத்தா, கிளம்பிட்டா."

"அஞ்சு மணிக்கு ஓட்டு இருக்குன்னு தெரியுமில்ல அவளுக்கு?"

"தெரிஞ்சதாலதான் போயிட்டாளோ என்னவோ." சமையலறை மேசையைக் காட்டினான். அவளுடைய கைபேசி வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. "இதையும் வச்சிட்டுப் போயிட்டா. காலையிலேர்ந்து பதினோரு தடவை அடிச்சிருச்சு."

அந்தப் பதினொன்றில் ஒன்பது நான்.

எங்கள் ஊரில் முந்நூற்றுப் பத்து பேர், ஒரு மீன் ஆலை, ஒரு நீச்சல் குளம். குளத்தின் ஓரத்தில் எட்டுப் பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி. அந்தக் குளத்தை மூடலாமா என்று ஊராட்சியின் ஐந்து பேர் அன்று மாலை ஓட்டுப் போடவிருந்தார்கள். மூடலாம் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர், ஐந்தாவது ஆள் ஓலினா. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, அறுபத்தொரு வயது. மனதில் இருப்பதை முன்கூட்டிச் சொல்லித் தொலைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

பூமிக்கடியிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் தரும் வெந்நீர்க் கிணறு செத்துவிட்டது என்று தலைநகரத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். சாகவில்லை. குழாயின் உள்ளே படிவு கட்டியிருக்கிறது, கெட்டிலின் அடியில் கட்டுமே, அது மாதிரி. சுரண்டி எடுத்தால் தண்ணீர் பழையபடி வரும். இதை நாற்பது பக்கத்தில் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருந்தேன். நிலத்தடி வெப்பம் பற்றித்தான் நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் பதினாறு வயதுக்கு மேல் பாடப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான். ஊராட்சித் தலைவன் சிக்மார் என் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா டைப் அடிச்சிருக்க," என்றான். அவன் மண்டையிலேயே அதை வைத்து அடித்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா பிடித்தது இடது கையால். அது காலை நேரம், வலது கை அப்போது வேலைக்கு ஆகாது. இருபத்தொன்பது வருடமாக ஆலையில் காட் மீன் அறுக்கிறாள். காலையில் அந்தத் தோள் பூட்டிக்கொள்ளும், தலை வாரக்கூட எழும்பாது. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் தொட்டியில் ஒரு மணி நேரம் கழுத்தளவு கிடப்பாள். அதற்குப் பிறகுதான் கை காதுவரை வரும். அடுத்த நாள் ஆலைக்குப் போகிற தெம்பு அந்த ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது. தொட்டி போனால் கை போகும், கை போனால் வேலை போகும். சிக்மாருக்கு இது தெரியாது. அம்மா யாரிடமும் சொன்னதில்லை.

காரைக் கிளப்பியபோது அம்மா துண்டோடு வந்து ஏறிக்கொண்டாள். புயல் காரணமாகப் படகுகள் போகவில்லை, ஆலைக்கு விடுமுறை.

"நீ எதுக்கு?"

"ஓலினாவும் நானும் ஒரே வகுப்பு. அவ ஒளிஞ்சா எங்க ஒளிவான்னு எனக்குத்தான் தெரியும்."

தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் குளம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரில், மலைப்பாதைக்கு அந்தப் பக்கம். எங்கள் குளத்தை மூடினால் இங்கே வந்து குளித்துக்கொள்ளலாம் என்பதுதான் சிக்மாரின் யோசனை. வரவேற்பறைப் பெண்ணிடம் ஓலினாவைக் கேட்டேன்.

"யார் வர்றா யார் போறான்னு நான் பாக்குறதில்ல. தொட்டியில கேளு."

"சரி, ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஷூவோடயா? உடுப்போடயா?" நான் அவள் வீட்டுப் படுக்கையில் சாணியோடு ஏறப்போவதுபோல் பார்த்தாள்.

ஆக, அவிழ்த்தேன். குளியலறையில் காவல்காரி கைகட்டி நின்றாள். சுவரில், குளத்தில் இறங்குமுன் எங்கெல்லாம் சோப்புப் போட வேண்டும் என்று காட்டும் படம்: தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம், எல்லாம் சிவப்பு வட்டத்தில்.

"சோப்புப் போட்டியா?"

"போட்டேன்."

"பாதத்துக்கு?"

"வீட்டிலயே குளிச்சிட்டுத்தான் வந்தேன்!"

"அது உங்க வீடு. இது எங்க குளம்."

பாதத்துக்கும் போட்டேன். அம்மா அதற்குள் நீச்சலுடையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பனித்தூறல் பக்கவாட்டில் அடித்தது. கால் கூசக் கூச ஓடித் தொட்டிக்குள் விழுந்தேன். நான்கு கிழவர்கள் மூக்குவரை தண்ணீரில் இருந்தார்கள்.

"ஓலினான்னு ஒருத்தி வந்தாளா? பச்சைத் தொப்பி."

"வந்தா," என்றான் ஒருவன். "இவன் இடத்துல உட்கார்ந்தா."

"நான் ஒண்ணும் சொல்லல," என்றான் இடத்துக்குச் சொந்தக்காரன்.

"நீ ஒண்ணும் சொல்லல. முக்கால் மணி நேரம் ஒண்ணுமே சொல்லாம அவ எதிர்ல நின்னுக்கிட்டே இருந்த. அவளுக்கே புரிஞ்சு எழுந்து போயிட்டா."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கால. பண்ணைக் குளத்துக்கு. நீ இப்ப என் இடத்துல உட்கார்ந்திருக்க, தெரியுமா?"

அம்மாவைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

பண்ணைக் குளத்தில் மறுபடி அவிழ்ப்பு, மறுபடி சோப்பு, மறுபடி பாதம். ஓலினா அரை மணி நேரத்துக்கு முன்னால் போய்விட்டாள். சூடான மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த கறுப்பு ரொட்டியைப் பண்ணைக்காரி வெட்டிக்கொண்டிருந்தாள். அதன் மேல் விரல் கனத்துக்கு வெண்ணெய். அம்மா தொட்டியில் உட்கார்ந்தபடியே நான்கு துண்டு தின்றாள். நான் நின்றுகொண்டே ஒன்று தின்றேன், கோபமாக இருந்ததால். கோபத்தோடு அந்த ரொட்டியை மெல்ல முடியாது, அவ்வளவு மெத்தென்று இருந்தது. எரிச்சலாக வந்தது.

"எவ்வளவு நல்லா இருக்கு, பாரேன்," என்றாள் அம்மா.

"நாம சுத்திப் பாக்க வரல."

"வரல. ஆனா வந்திருக்கோமே."

மூன்றாவது, கடலோரம். ஆலைகளில் மீனும் ஐஸும் கொட்டி வைக்கிற அதே பிளாஸ்டிக் தொட்டிகளைக் கற்பாறைகளுக்கு நடுவில் பதித்து வெந்நீர் விட்டிருந்தார்கள். அம்மா ஒன்றுக்குள் இறங்கி, விளிம்பில் தாடையை வைத்து, சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னம்மா?"

"இருபத்தொன்பது வருஷம் இதுக்குள்ள காட் மீனைப் போட்டேன். இன்னைக்கு நானே காட்." வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். "அறுத்துடாதடி, ஃபிரேய்டிஸ்."

அந்தச் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. முதுகில் ஐஸ் காற்று, கீழே கொதிநீர், முன்னால் கடல் பாறையில் அடித்து முகத்தில் தெறிக்கிறது. உச்சந்தலையிலிருந்து ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. மூன்று தடவை சோப்புப் போட்ட தோல் கண்ணாடியாய் வழுக்கியது. பக்கத்துத் தொட்டியிலிருந்த ஜோடி எங்களைக் குடிகாரிகள் என்றே நினைத்திருக்கும். அந்த ஜோடிதான் சொன்னது: பச்சைத் தொப்பிக்காரி பெரிய ஊருக்குப் போயிருக்கிறாள், சறுக்கு இருக்கிற குளத்துக்கு.

அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். நான்காவது காவல்காரி என்னைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், "பாதத்துக்கும் போட்டாச்சு!" என்று கத்தினேன்.

வெளியே வந்து நிமிர்ந்தால், மூன்று மாடி உயரத்தில் ஒரு சிவப்புச் சறுக்குக் குழாய். அதற்குள்ளிருந்து நீளமாக ஓர் அலறல் சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. கடைசி வளைவில் பச்சைத் தொப்பி வெளிப்பட்டது, கால் இரண்டும் வானத்தில். தொப்பென்று தண்ணீர்.

"கெர்டா!" என்று அம்மாவைப் பார்த்துக் கூவினாள் ஓலினா, மூக்கில் தண்ணீர் ஒழுக. "ஏழாவது தடவை! நீயும் வா!"

"ஓலினா, அஞ்சு மணிக்கு ஓட்டு," என்றேன்.

"முதல்ல தொட்டிக்குள்ள வா. நடுங்கிக்கிட்டே திட்டாத, சரியாக் கேக்காது."

தொட்டியில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்தார்கள். உட்கார்ந்ததும் ஓலினா ஆரம்பித்தாள். "உண்மையைச் சொல்றேன். நாலு குளம் பார்த்துட்டேன். நம்ம ஊர்ல என்ன இருக்கு? பாசி புடிச்ச ஒரு தொட்டி, அதுக்குள்ள சிக்மாரோட முதுகு. மூடினா என்னன்னு தோணுது."

"என் அறிக்கையில பதினேழாம் பக்கத்துல..."

"படிச்சேன்."

நாற்பது பக்கத்தையுமா என்று அவளைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவை படிச்சேன். குழாயைச் சுரண்டினா தண்ணி வரும், நீ சொல்றது சரிதான். வந்து என்ன பண்ண? நாப்பது பிள்ளைங்களுக்குச் சமைச்சேன். இப்ப ஒம்பது. வெந்நீர் இல்லாததாலயா போச்சுதுங்க? ஊர் வெறிச்சுன்னு இருக்குன்னு போச்சுதுங்க. கிழடுங்க ஊற ஒரு தொட்டியைக் காப்பாத்தி யாருக்கு லாபம்?"

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் ஒன்பது பிள்ளைகள் என்பது பொய்யில்லை. என் வகுப்பில் படித்தவர்களில் ஊரில் மிச்சம் நான் ஒருத்திதான்.

"ஓலினா," என்றாள் அம்மா. "என் கையைப் பாரு."

வலது கையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். தோள், காது, தலை, தலைக்கு மேல். விரல் நுனி நேராக மேகத்தைப் பார்த்தது. அந்தக் கை அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததேயில்லை.

"இன்னைக்கு நாலு தொட்டி. அதனால இவ்வளவு உசரம். நம்ம பாசித் தொட்டியில காதுவரைக்கும் வரும், அது போதும், கத்தி புடிக்கலாம். அதுவும் இல்லைன்னா நான் ஆலையை விட்டு நிக்கணும். ஜனவரியில மலைப்பாதை மூடிக்கிடக்கும்போது நாப்பத்திரண்டு கிலோமீட்டர் என்னை யாரு கூட்டிட்டுப் போவா? நீயா?"

ஓலினாவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "இருபது வருஷமா எனக்கு எதிர்லதானே உட்கார்ந்திருக்க. ஒரு நாள் சொன்னியா? காத்து, மழை, சிக்மாரோட நாய். இதத்தானே பேசின!"

"தொட்டியில எவளாவது தன் வலியைப் பேசுவாளா?"

"பேச மாட்டாங்க," என்றான் எதிரே இருந்த வழுக்கைத் தலையன், யாரும் கேட்காமலே.

"இப்ப பேசுறேன். யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. உன்கிட்ட கேக்குறேன். மூடாத."

வழுக்கைத் தலையன் தாங்க முடியாமல், "கேக்குறாங்கல்ல, பதில் சொல்லேன்," என்றான்.

ஓலினா முகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். "மணி என்ன?"

ஐந்துக்கு நான்கு நிமிடம். தொலைபேசியில் ஓட்டுப் போட எங்கள் ஊராட்சியில் விதி இருக்கிறது. ஆனால் குளத்தருகே தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்று இங்கேயும் விதி இருக்கிறது. ஈரக்காலோடு ஓடி, உடை மாற்றும் அறையில் என் பெட்டியிலிருந்து கைபேசியை எடுத்து, குளத்தைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரனின் அறை வாசலில் நின்றேன். விஷயத்தைக் கேட்டான். நெற்றியைத் தேய்த்தான். பிறகு, நான் சிக்மாரை அழைத்து ஓலினா பேசுவாள் என்றதும், கைபேசியை வாங்கித் தன் சன்னலின் உள்பக்கம் வைத்து, ஒலியை முழுதாகக் கூட்டி, சன்னலைத் திறந்துவிட்டான்.

"போன் உள்ளதான் இருக்கு. சத்தம்தான் வெளிய வருது. சத்தத்துக்கு விதி இல்ல."

சிக்மாரின் குரல் குளம் முழுவதும் ஒலித்தது. "ஓலினா? எங்கடி இருக்க? என்ன இரைச்சல் அது?"

"தண்ணி! மூட வேணாம்னு ஓட்டுப் போடறேன்! எழுதிக்க!"

தொட்டியிலிருந்தவர்கள் தண்ணீரை அடித்துக் கூச்சல் போட்டார்கள். அவர்கள் ஊர் விவகாரமே இல்லை. அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு!" என்று ஓலினா கத்தினாள். "குழாயைச் சுரண்டினப்புறம் சறுக்கு ஒண்ணு வைக்கணும்! பிள்ளைங்களுக்கு!"

"அது நிகழ்ச்சி நிரல்லயே இல்ல!"

"சேர்த்துக்க!"

"சறுக்குக்குத் தண்ணிக்கு எங்க போறது? யாரு கணக்குப் போட்டா?"

ஓலினா என் பக்கம் திரும்பினாள். "தண்ணி போதுமா? சொல்லு, நீதானே படிச்சவ."

நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். சறுக்கு பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, எத்தனை திருப்பம், எவ்வளவு சரிவு, ஒன்றும் தெரியாது.

"அளந்து பார்த்துத்தான் சொல்லணும்," என்றேன்.

"அப்ப அள!"

சிக்மார் சன்னலுக்குள்ளிருந்து இரைந்துகொண்டேயிருக்க, நான் படியேறினேன். அம்மா எனக்கு முன்னால் போனாள், ஓலினா பின்னால். உச்சியில் காற்று பிய்த்தெடுத்தது. குழாயின் வாயில் உட்கார்ந்து, தண்ணீரின் ஆழத்தை விரலால் பார்த்தேன். இரண்டு விரல் இருந்தது. கீழே போய்ச் சேர எத்தனை நொடி என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். நான் தயாராவதற்குள் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

மூன்றுவரை எண்ணினேன். அதற்கு மேல் கத்தத்தான் முடிந்தது.