பெட்டிக்குள் இடமில்லை

ஆடி மழையின் மூன்றாம் நாள் என் வீடு நான்கு விரற்கடை நடந்தது. கதவு நிலையில் சேரவில்லை. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைச் சரிவின் அடியில் எங்கள் லைன் வீடுகள். பதினான்கு வீடு, நாற்பத்தொரு பேர். நான் மொக்கையன், ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து வாட்டியவன். நான் சொல்வதை இங்கே யாரும் நம்புவதில்லை. அது பெரிய குறையில்லை. அந்த வாரம் மட்டும் குறையாக இருந்தது.

அவர்கள் நம்பியது சரிவின் மேல் நின்ற பெட்டியை. என் தங்கை சின்னத்தாயின் மகன் லோகேஷ் செய்தது. அவனுக்குப் பாலக்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மண்ணுக்குள் இறக்கிய குழாய் சாய்ந்தால், பெட்டி அதை சிம் கார்டு வழியாகப் பாலக்காட்டு சர்வருக்குச் சொல்லும். சர்வர் கணக்குப் பார்த்து ‘ஊது’ என்று பதில் அனுப்பினால் சைரன் ஊதும். நாங்கள் ஓட வேண்டும். சர்வரோடு பேச்சுவார்த்தை இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் அதற்குப் புரோகிராம் எழுதினான். இன்டர்நெட்டோடு பேச ஒரு லைப்ரரி வேண்டுமாம். லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை, யாரோ எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம் மூட்டை. மூட்டை பெரிது, பெட்டியின் சில்லு சிறிது. ஆகவே ஒவ்வொரு வசதிக்கும் ஒரு வரி. ஒன்று போட்டால் இருக்கும், சைபர் போட்டால் கழன்றுவிடும்.

“சுருக்கி வர்றதப் பிரிச்சுப் படிக்கிற வசதி மாமா. வச்சுக்கிருவமா?”

“ரெண்டு எழுத்துப் பதில எவன்டா சுருக்குறான்? எடு.”

“சர்வர் வேற விலாசத்துக்கு மாறிட்டா, ‘அங்க போய்க் கேளு’ன்னு சொல்லும். அதக் கேட்டு அங்க போறதுக்கு இது. பதினோரு கேபி தின்னுது.”

“ஆபீஸ் சீட்டு இல்லாம இங்க எவன்டா வீடு மாறுனான்? எடுத்துப் போடு.”

சைபர் போட்டான். “பச்சை எரியிறதுக்கு ஏதாச்சும் ஒரு பதில் வந்தாப் போதும்ல?”

“போதும். மஸ்டர்ல அப்படித்தான?”

மஸ்டர் என்பது காலையில் பேர் கூப்பிடுவது. மஞ்சு மூடிக் கிடக்கும், முகம் தெரியாது. குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்று கங்காணி டிக் போடுவார். எங்கள் லைன் பெரியமுத்து தை மாதம் செத்தார். பங்குனிவரை ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து யார் குரல் கொடுத்தது என்று விசாரித்தார்கள். யாரும் இல்லை. பெரியமுத்துவின் குரல் மாதிரித்தான் இருந்தது.

ஆடியில் மழை பிடித்தது. ஊற்றுத் தண்ணீர் பால் டீ நிறத்தில் வந்தது. நேற்றுவரை நேராக நின்ற மூன்று சில்வர் ஓக் மரங்கள் என் வீட்டு ஓட்டைக் குனிந்து பார்த்தன. மேலே பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

“தாயி, தண்ணி கலங்கி வருது. உருள் பொட்டி மலை சரிஞ்சிரும் போலிருக்கு. மேல ஸ்கூலுக்குப் போயிருவோம்,” என்றேன் சின்னத்தாயிடம்.

“போன வருஷம் ஒரு அட்டை உன்னைய மூணாறு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சுன்னியேண்ணே. என் மகன் பெட்டி பச்சையா எரியுதுல்ல? உலை கொதிக்குது, வழிய விடு.”

மூன்று மணிக்கு லோகேஷுக்குப் போன் போட்டேன்.

“உங்க பெட்டி திங்கக்கெழமைக்கு அப்புறம் ஒண்ணுமே அனுப்பல மாமா. பேட்டரி போயிருச்சுன்னு நெனச்சேன். நாளைக்கு வாரேன்.”

“பச்சையா எரியுதுடா.”

அவன் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “திங்கக்கெழமைதான் மாமா, சர்வர வேற விலாசத்துக்கு மாத்துனாங்க.”

மூன்று நாளாகப் பெட்டி பழைய வாசலில் நின்று, மலை சாய்கிறது, மலை சாய்கிறது என்று சொல்லியிருக்கிறது. ‘அவர்கள் இங்கே இல்லை, இன்ன விலாசத்தில் போய்க் கேளு’ என்று பதில் வந்திருக்கிறது. பதில் வந்துவிட்டது என்று பெட்டி பச்சை காட்டியிருக்கிறது. அங்கே போகும் காலை வெட்டச் சொன்னவன் நான்.

“பழைய விலாசத்துலயே பதில் சொல்ல வச்சிர்றேன். இருவது நிமிசம். மாமா, அம்மாவக் கூட்டிட்டு மேல போயிரு. எல்லாரையும் கூட்டிட்டுப் போ.”

வீடு வீடாகப் போய் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. பக்கத்து வீட்டு மாரித்தாய் விளக்கைக் கைகாட்டிச் சிரித்தாள்.

“சர்வர் வீடு மாறிருச்சாம், மொக்கையண்ணன் வீடு நடந்துருச்சாம். ரெண்டும் வழியில பாத்துப் பேசிக்கிச்சாண்ணே?”

காலடியில் தரை ஒரு தரம் முனகியது. ஆகவே சுருக்கமாக ஒரு பொய் சொன்னேன்.

“ஒத்தக் கொம்பன் கீழ் லைன்ல நிக்குது!”

யானை விஷயத்தில் எங்கள் ஆட்கள் சாட்சி கேட்பதில்லை. அடுப்பை அணைத்து, பிள்ளையைத் தூக்கி, வாய் திறக்காமல் ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். அதுதான் முறை. ஒன்பது நிமிடத்தில் லைன் காலி. கட்டிலில் கிடந்த கிழவரைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் கால் மணி நேரம் நின்றோம். மஞ்சு ஏறி எதிர்ச் சரிவை மூடியது.

“யானை எங்கண்ணே?” என்றாள் சின்னத்தாய்.

“வரும்.”

“கீழ இருந்து ஒரு பிளிறல்கூடக் கேக்கலையே. இந்தாளு பேச்சக் கேட்டு வந்தோம் பாரு,” என்று மாரித்தாய் இறங்கத் தொடங்கினாள். இரண்டு படி இறங்கினாள். அவள் கையைப் பிடித்தேன். உதறினாள், விடவில்லை.

முதலில் வாசம் வந்தது. புது மண், பிளந்த பச்சை மரம். பிறகு மலை முழுவதையும் யாரோ ஒரே லாரியிலிருந்து கொட்டுவதுபோலச் சத்தம். மஞ்சுக்குள் ஒன்றும் தெரியவில்லை. மாரித்தாய் என் கையை இப்போது அவளே பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் சைரன் ஊத ஆரம்பித்தது. போன் அடித்தது.

“மாமா, சரி பண்ணிட்டேன். ஊதுதா?”

“ஊதுதுடா.”

“நல்லாக் கேக்குதா?”

இடது பக்கம் உச்சியில் தொடங்கிய சைரன் எங்களுக்கு நேரே வந்து, தாண்டி, வலது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்ப வரைக்கும் கேக்குது,” என்றேன். “கீழ போயிக்கிட்டே ஊதுது.”