அடிநூல்

“கைய எடுங்க அண்ணி!”

மிஷின் பிரேமில் மாட்டியிருந்த பட்டுத்துணிக்குச் சாண் தூரத்திலேயே அமுதவல்லியின் கை நின்றுவிட்டது. நாத்தனார் சுலோசனா போட்ட சத்தத்தில் முத்தியால்பேட்டைத் தெருவே திரும்பியிருக்கும்.

“முகூர்த்த ஜாக்கெட்டு. ஒங்க கை படலாமா? நான் சொல்லித்தான் தெரியணுமா?”

கணவர் வைத்திலிங்கம் போய் ஒன்பது வருடம். இந்த எம்ப்ராய்டரி மிஷின்தான் சோறு போட்டது, மகள் வினோதாவைப் படிக்க வைத்தது. மகளின் கல்யாண ஜாக்கெட்டில் அன்னப்பட்சியைத் தன் கையால் போட வேண்டும் என்பது ஒன்றுதான் அமுதவல்லியின் ஆசை. வினோதாவோ செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அத்தை பார்த்துக் கொடுத்த வரன். எதிர்த்து எப்படிப் பேசுவாள்?

சுலோசனாவே பட்டனை அழுத்தினாள். பத்துத் தையல்கூட ஓடவில்லை, ஜரிகை நூல் அறுந்தது. கோத்தாள், மறுபடியும் அறுந்தது. அடியில் கிடக்க வேண்டிய வெள்ளை நூல் புள்ளிபுள்ளியாக மேலே தெரிந்தது.

“ஐயய்யோ, வெள்ள தெரியுதே! அண்ணி, மிஷின மட்டும் சரி பண்ணிக் குடுங்க. துணியத் தொட வேணாம்.”

மிஷினுக்கு தோஷம் இல்லையாம். நல்ல சாஸ்திரம்!

சுலோசனா பட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அமுதவல்லி ஒரு கந்தல் துணியை மாட்டி, மேல்நூல் டென்ஷன் திருகைக் கால் சுற்று தளர்த்தினாள். ஜரிகை இறுக்கம் தாங்காது. ஓட்டிப் பார்த்தாள்; இன்னும் ஒரு புள்ளி வெள்ளை. மயிரிழை தளர்த்தினாள். மேலே முழுக்கத் தங்கம்.

“அடியில எதுக்கு வெள்ள? மஞ்ச நூலு போடக் கூடாதா?” என்றாள் சுலோசனா.

“அடிநூலு எப்பவும் வெள்ளதாம்மா. மேல தெரியாத வரைக்கும் யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

அந்த நூலைக் காலையில் பாபினில் சுற்றி வைத்ததே தான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அதையும் உருவி எறிவார்கள். மகளின் உடம்பில் அதுவாவது படட்டும்.

சுலோசனா பட்டை மறுபடி மாட்டி ஓட்டினாள். மிஷின் இப்போது நூல் அறுபடாமல் ஓடியது. அமுதவல்லி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்னம் முடிந்ததும் சுலோசனா ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“கோரிமேட்டுப் பொண்ணோட ஜாக்கெட்டு அண்ணி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க. ஒங்க கை ராசியான கைன்னு தேடிக்கிட்டு வந்தாங்க.”

“என்ன விசேஷத்துக்கு?”

“முகூர்த்தத்துக்குத்தான். நம்ம வினோதாவுக்கு வெச்சிருக்கிற அதே நாளு.”

அமுதவல்லி பையை வாங்கிப் பட்டுத்துணியை மடியில் விரித்தாள். இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். சுலோசனா அன்னம் போட்ட ஜாக்கெட்டை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.